ஃபைனல் ஃபேன்டசி 7 மறுஆக்கமும் ஆட்டக்காரர்களின் கருத்துகளும்

ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் என்பது ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2020 ஏப்ரல் 10 அன்று பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வெளியிட்ட வீடியோ கேம் ஆகும். 1997இல் வெளியான ஃபைனல் ஃபேன்டசி 7 என்னும் விளையாட்டின் மறுஆக்கம் இது. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் இருந்துகொண்டு நெடுங்கதை ஒன்றை நடத்திச் செல்லும் இவ்வகை விளையாட்டுகள் ஆர்.பி.ஜி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகின்றன. ஒரு விளையாட்டு மீண்டும் செய்யப்பட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் இத்தனை ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்ததும், கேட்டது கைக்கு வந்த பிறகு அதைப் பற்றி இந்த அளவுக்குப் பிளவுபட்டு வாதிட்டதும் அபூர்வம். அந்த வாதத்தின் வரலாற்றைக் கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொடாமல் சொல்ல இயலாது என்பதால், அவை இக்கட்டுரையில் மறைக்கப்படவில்லை.

1997ஆம் ஆண்டு விளையாட்டு

மூல விளையாட்டு 1997 ஜனவரி 31 அன்று ஜப்பானிலும், அதே ஆண்டு செப்டம்பரில் வட அமெரிக்காவிலும் வெளியானது. அதற்கு முந்தைய ஆறு பாகங்களும் நின்டெண்டோவின் கருவிகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் நின்டெண்டோ 64 கருவி பழைய கார்ட்ரிட்ஜ் முறையையே தொடர்ந்தது. ஸ்கொயர் நிறுவனம் திட்டமிட்டிருந்த காணொளிக் காட்சிகளுக்கும் படங்களுக்கும் அதில் இடம் போதாது. ஆகவே அது குறுந்தகட்டில் இயங்கும் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு மாறியது. விளையாட்டு மூன்று குறுந்தகடுகளை நிரப்பியது. யோஷினோரி கித்தாசே இயக்கினார். ஹிரோனொபு சகாகுச்சி தயாரித்தார். கதைமாந்தரைத் தெத்சுயா நோமுரா வரைந்தார். நொபுவோ உவெமாட்சு இசையமைத்தார். காலப்போக்கில் இது ஒரு கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

கதை மிட்கார் என்னும் பெருநகரில் தொடங்குகிறது. ஷின்ரா என்னும் நிறுவனம் அந்நகரை ஆள்கிறது. கோளின் உயிராற்றலான மாக்கோவை நிலத்தடியிலிருந்து உறிஞ்சி எட்டு உலைகளில் மின்சாரமாக்குவது அதன் தொழில். வசதி படைத்தவர்கள் உயரத்தில் நிறுத்தப்பட்ட இரும்புத் தளங்களின் மேல் வாழ்கிறார்கள். ஏழைகள் அத்தளங்களுக்கு அடியில், வெயில் படாத சேரிகளில் வாழ்கிறார்கள். பேரட் என்பவர் தலைமையிலான அவலாஞ்ச் குழு ஓர் உலையை வெடிவைத்துத் தகர்க்கப் புறப்படுகிறது. கூலிக்கு வாளெடுக்கும் முன்னாள் வீரனாகக் கிளவுட் அதில் சேர்கிறான். அவனுடைய சிறுவயதுத் தோழி டிஃபா, பூ விற்கும் ஏரித், எல்லாவற்றுக்கும் பின்னால் நிழலாக நிற்கும் செஃபிரோத் ஆகியோரைச் சுற்றிக் கதை விரிகிறது.

இன்றைய கண்ணுக்கு அந்த விளையாட்டின் உருவங்கள் பொம்மைகள் போலத் தெரியும். நகரங்களும் அறைகளும் முன்பே வரைந்து வைக்கப்பட்ட அழகிய பின்னணிப் படங்கள். அவற்றின் மேல் நடமாடும் மனிதர்களோ விரலற்ற கைகளுடன் கட்டைகளை அடுக்கிச் செய்தவர்களைப் போல இருப்பார்கள். குரல் கிடையாது, உரையாடல் எழுத்தாக வரும். எனவே அந்த மனிதர்களின் முகபாவத்தையும் குரலையும் ஆட்டக்காரர்கள் தாங்களே மனத்தில் நிரப்பிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு கிளவுடை, ஓர் ஏரித்தைத் தமக்கென்று வைத்திருந்தார்கள். பின்னாளில் எழுந்த சச்சரவுகளில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் குறுந்தகட்டின் முடிவில் செஃபிரோத் ஏரித்தைக் கொன்றுவிடுகிறான். அதுவரை அவளுடைய திறன்களைப் படிப்படியாக வளர்த்து, அவளுக்குப் பொருத்தமான ஆயுதங்களைத் தேடிச் சேர்த்த ஆட்டக்காரர் அவளை ஒரு நொடியில் இழக்கிறார். கதையில் ஒருத்தி இறப்பது வேறு. தன் குழுவில் நாள்தோறும் கூட வந்தவள் இனிப் பட்டியலிலேயே இல்லை என்பது வேறு. நிஜ வாழ்வில் மரணம் முன்னறிவிப்பின்றி வருவதைப் போலவே அது வரவேண்டும் என்று தாங்கள் எண்ணியதாக விளையாட்டை உருவாக்கியவர்கள் பின்னர் நேர்காணல்களில் விளக்கியுள்ளனர். ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவளை மீட்க ஏதோ ஒரு மறைவழி இருக்கிறது என்ற வதந்தி பல ஆண்டுகள் உலவியது. பிற்பாதியில் சேரியின் தேவாலயத்துக்குள் நுழையும்போது அவள் உருவம் ஒரு கணம் தோன்றி மறைவது அந்த வதந்திக்கு எண்ணெய் ஊற்றியது. வழி எதுவும் இல்லை. திரும்பப் பெற முடியாத ஒன்றை விளையாட்டு பறித்துக்கொண்டது என்பதே அதன் பெயரை நிலைநிறுத்தியது.

(1997ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு அவளை ஏரிஸ் என்று அழைத்தது, பின்வந்த படைப்புகளில் ஏரித் என்று திருத்தப்பட்டது. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்றும் ஏரிஸ் என்றே சொல்வார்கள். மறுஆக்கம் குறித்த முதல் பிணக்கு பெயரிலேயே தொடங்கியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.)

பத்தாண்டுக் கோரிக்கை

2005இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஈ3 கண்காட்சியில், சோனி தன் பிளேஸ்டேஷன் 3 கருவியின் ஆற்றலைக் காட்டச் சில மாதிரிப் படங்களைத் திரையிட்டது. அவற்றுள் ஒன்று ஃபைனல் ஃபேன்டசி 7இன் தொடக்கக் காட்சி, புதிய கிராபிக்ஸில். அது வெறும் தொழில்நுட்ப மாதிரிதான் என்று ஸ்கொயர் எனிக்ஸ் சொன்னது. யாரும் காதில் வாங்கவில்லை. அதே ஆண்டு அட்வென்ட் சில்ட்ரன் என்னும் கணினி வரைகலைத் திரைப்படம் வந்து, தங்கள் கட்டைப் பொம்மைகள் உண்மையான முடியும் கண்ணும் கொண்டு அசைவதை ஆட்டக்காரர்களுக்குக் காட்டியது. 2007இல் கையடக்கக் கருவிக்கு வந்த கிரைசிஸ் கோர், கிளவுடின் நண்பன் ஜாக்கின் முன்கதையைச் சொல்லி அவனுடைய மரணத்தில் முடிந்தது. மூலக்கதையைச் சுற்றிப் பல படைப்புகள் வந்துகொண்டிருந்தன. மூலக்கதை மட்டும் மீண்டும் வரவில்லை.

காரணம் எளிது: செலவும் காலமும். பழைய விளையாட்டில் ஓர் ஊர் என்பது சில பின்னணிப் படங்கள். புதிய தரத்தில் ஒவ்வொரு சுவரும் கதவும் முப்பரிமாணத்தில் கட்டப்பட வேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் குரலும் உதட்டசைவும் வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 13 அளவுக்கான தரத்தில் ஏழாம் பாகத்தைச் செய்தால் பல மடங்கு காலம் பிடிக்கும் என்று கித்தாசே 2010 வாக்கில் சொல்லியிருந்தார். 2014 டிசம்பரில் ஒரு மேடையில் ஃபைனல் ஃபேன்டசி 7 பிளேஸ்டேஷன் 4க்கு வருகிறது என்ற அறிவிப்பு எழுந்தது. அது பழைய கணினிப் பதிப்பின் மறுவெளியீடு மட்டுமே என்று தெரிந்ததும் அரங்கில் எழுந்த ஏமாற்றம் அத்தொடரின் வரலாற்றில் ஒரு பகுதியாகிவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில், அதே ஈ3 கண்காட்சியில், உண்மையான மறுஆக்கம் அறிவிக்கப்பட்டது. இயக்குநர் நோமுரா, தயாரிப்பாளர் கித்தாசே, கதை மீண்டும் கசுஷிகே நோஜிமா. பழைய கைகளே திரும்பியிருந்ததில் நிம்மதி இருந்தது. டிசம்பரில் அடுத்த செய்தி வந்தது: விளையாட்டு பல பகுதிகளாக வெளியாகும். தொடக்கத்தில் சைபர்கனெக்ட்2 என்னும் வெளி நிறுவனம் உருவாக்கத்தில் பங்கேற்றது. 2017இல் பணி ஸ்கொயர் எனிக்ஸின் சொந்தக் குழுவுக்கு மாற்றப்பட்டது.

ஒரு நகரம், பதினெட்டு அத்தியாயங்கள்

2020 மார்ச் 3 அன்று வரவேண்டியது ஏப்ரல் 10க்குத் தள்ளிப்போனது. அதற்குள் உலகம் ஊரடங்கில் இருந்தது. பெருந்தொற்றால் விநியோகம் தடைபடலாம் என்று ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தட்டுகள் முன்கூட்டியே அனுப்பப்பட்டன. வெளியீட்டு நாளுக்கு முன்பே முடிவைப் பார்த்துவிட்டவர்களும், முடிவு காதில் விழாமல் இருக்கப் படாதபாடு பட்டவர்களும் உண்டு. முதல் மூன்று நாள்களில் 35 லட்சம் பிரதிகள் அனுப்பப்பட்டும் பதிவிறக்கப்பட்டும் போயின.

வந்தது மிட்கார் நகரம் மட்டும். மூல விளையாட்டில் ஏறத்தாழ ஐந்தாறு மணி நேரத்தில் கடந்துவிடும் தொடக்கப் பகுதி இங்கே பதினெட்டு அத்தியாயங்களாக, முப்பது நாற்பது மணி நேரத்துக்கு நீண்டது. முழு விலை கொடுத்து முதல் பகுதியை மட்டும் வாங்குகிறோம் என்பது உறையின் மேல் தெளிவாக எழுதப்படவில்லை என்ற குறை உடனே எழுந்தது. அந்தக் குறையில் நியாயம் உண்டு.

நீட்டிப்பைப் பற்றிய கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஒரே ஆளுக்குள்ளேயே பிரிந்தது என்றும் சொல்லலாம். மூலத்தில் சில வரிகளே பேசிய ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் மூவருக்கும் இங்கே வீடும் பெற்றோரும் பசியும் பயமும் கிடைத்தன. ஜெஸ்ஸியின் வீட்டுக்கு இரவில் செல்லும் அத்தியாயம் முற்றிலும் புதியது. அவள் சாவு இம்முறை வலித்தது என்று சொன்னவர்கள் பலர். வால் மார்க்கெட் என்னும் கேளிக்கைத் தெருவில், கிளவுட் பெண்வேடமிட்டு ஒரு நிலக்கிழாரைப் போன்ற ரவுடியின் மாளிகைக்குள் நுழையும் பகுதி மூலத்தில் கொஞ்சம் கொச்சையான கேலியாக இருந்தது. மறுஆக்கம் அதை ஒரு நடன மேடையாக்கி, கேலிக்குப் பதில் கொண்டாட்டத்தை வைத்தது. இதற்குப் பெரும்பாலும் பாராட்டே கிடைத்தது.

மறுபக்கம், தொலைந்த பூனைகளைத் தேடுவது போன்ற சில்லறை வேலைகள், இடுக்குச் சுவர்களுக்கிடையே மெல்ல நுழைந்து போகும் நடை, ஷின்ராவின் ஆய்வுக்கூடத்தில் இழுத்தடிக்கும் அத்தியாயம் ஆகியவை வெறும் மணிக்கணக்கை ஏற்றுவதற்கு என்றார்கள். கிளவுடின் வாடகை அறையின் கதவு வேறொரு கதையானது. மனித முகத்தில் மயிர்க்கால் தெரியும் அளவுக்குச் செதுக்கிய விளையாட்டில் அந்தக் கதவு மட்டும் மங்கலான அட்டை போல நின்றது. ஆட்டக்காரர்கள் அதைப் படம் பிடித்துப் பிடித்துச் சிரித்தார்கள். 2021 ஜூனில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்த இன்டர்கிரேட் பதிப்பில் கதவு சரிசெய்யப்பட்டது. அதைக்கூடச் சிலர் வருத்தத்துடனே வரவேற்றார்கள்.

சண்டை முறையில் அச்சம் பெரிதாக இருந்தது. சச்சரவு சிறிதாகவே முடிந்தது. மூலத்தில் ஒவ்வொருவருக்கும் நேரத்தோடு நிரம்பும் ஒரு பட்டை உண்டு. அது நிரம்பியதும் கட்டளையைத் தேர்ந்தெடுக்கலாம். மறுஆக்கத்தில் வாளை நேரடியாக வீசலாம், விலகலாம், தடுக்கலாம். அப்படி வீசுவதால் பட்டை விரைவாக நிரம்பும். நிரம்பிய பின் மெனுவைத் திறந்தால் காலம் ஏறக்குறைய உறைந்து நிற்கும், நிதானமாக மந்திரமோ மருந்தோ தேர்ந்தெடுக்கலாம். பழைய ஆட்டக்காரர்களுக்காகக் கிளாசிக் என்ற வகையும் சேர்க்கப்பட்டது. அதில் வீச்சையும் தடுப்பையும் கதைமாந்தர் தாமே செய்துகொள்ள, ஆடுபவர் கட்டளை மட்டும் தருவார். விரைவையும் யோசனையையும் ஒன்றாகக் கட்டிய இம்முறை, விளையாட்டைக் குறைகூறியவர்களாலும் பெரும்பாலும் மெச்சப்பட்டது.

விதியின் காவலர்கள்

உண்மையான பிளவு வேறிடத்தில் இருந்தது. இரண்டாம் அத்தியாயத்திலேயே ஏரித்தைச் சுற்றிச் சாம்பல் நிற அங்கி அணிந்த பேய்கள் போன்ற உருவங்கள் பறக்கின்றன. மூலத்தில் இவை கிடையாது. ஆங்கிலப் பதிப்பில் இவற்றுக்கு விஸ்பர்ஸ் என்று பெயர். முதலில் யாருக்கும் ஒன்றும் புரிவதில்லை. நான்காம் அத்தியாயத்தின் முடிவில் இவை சேரியைத் தாக்கி ஜெஸ்ஸியின் காலைக் காயப்படுத்துகின்றன. அதனால் அடுத்த உலையைத் தகர்க்கக் கிளவுடை அழைக்க வேண்டியதாகிறது. மூலக்கதையிலும் அவன் போனான். இங்கே போகாமல் இருக்க இருந்தான், பேய்கள் போக வைத்தன. பதினேழாம் அத்தியாயத்தில் செஃபிரோத்தின் வாள் பேரட்டைத் துளைக்கிறது. மூலத்தில் பேரட் அங்கே சாகவில்லை. எனவே ஒரு பேய் அவனுக்கு உயிர் திருப்பித் தருகிறது. இவை விதியின் காவலர்கள் என்றும், கதை ஏற்கெனவே குறித்த பாதையில் நடப்பதை உறுதிசெய்வதே இவற்றின் வேலை என்றும் பின்னர் விளக்கப்படுகிறது.

குறித்த பாதை எது? 1997ஆம் ஆண்டு விளையாட்டு. கதையை மாற்றக் கூடாது என்று பத்தாண்டுகளுக்கும் மேலாக மன்றாடிய ஆட்டக்காரர்களின் குரலுக்கே விளையாட்டு உருவம் கொடுத்துவிட்டது. இறுதி அத்தியாயத்தில் கிளவுடும் தோழர்களும் அந்தப் பேய்களை எதிர்த்துப் போரிட்டு வெல்கிறார்கள். ஆடுபவர் தன் சொந்த எதிர்பார்ப்பைத் தன் கையாலேயே வெட்டி வீழ்த்துகிறார். பின் திரையில் ஜாக் தோன்றுகிறான்; மூலக்கதைக்கு முன்பே இறந்துபோனவன், உயிரோடு நடக்கிறான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ரீமேக் என்ற தலைப்பு மறுஆக்கத்தை மட்டுமல்ல, கதைக்குள் நிகழும் ஒரு மறுபடைப்பையும் குறிக்கிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. ஒரு சாரார் இதைத் துணிச்சல் என்றார்கள்: அதே கதையை அழகான முகத்தோடு மீண்டும் பார்ப்பதில் என்ன இருக்கிறது, இனி ஏரித்தின் கதியும் தெரியாதது ஆகிவிட்டது, 1997இல் இருந்த படபடப்பு திரும்பிவிட்டது. மறுசாரார் இதை நம்பிக்கை மோசடி என்றார்கள்: மாற்றம் தேவையானால் தொடர்ச்சி என்று பெயரிட்டு விற்றிருக்கலாம், மூலத்தை அறியாமல் புதிதாக வருபவருக்கு இந்தப் பேய்களும் ஜாக்கும் எப்படி விளங்கும்? இந்த இரண்டாம் கேள்விக்கு விளையாட்டுக்குள் விடை இல்லை. மூலத்தை ஆடியவர்களுக்கு மட்டுமே முழுமையாகப் புரியும் மறுஆக்கம் இது.

செஃபிரோத்தைப் பற்றியும் ஒரு நுட்பமான குறை சொல்லப்பட்டது. மூலத்தில் மிட்கார் பகுதி முழுவதும் அவன் முகம் தெரிவதே இல்லை. ஷின்ராவின் கோபுரத்தில் தரையெல்லாம் இழுபட்ட இரத்தம், நாற்காலியில் சரிந்த தலைவரின் முதுகில் ஒரு நீண்ட வாள், அவ்வளவுதான். அச்சம் அவனைக் காணாததில் இருந்தது. மறுஆக்கத்தில் இரண்டாம் அத்தியாயத்திலேயே நெருப்புக்கு நடுவே நின்று பேசிவிடுகிறான்.

வெடித்தது யாருடைய குண்டு

பேய்களைப் பற்றிய கூச்சலில் அமிழ்ந்துபோன இன்னொரு மாற்றம் உண்டு. குறைவான பேரே பேசினாலும் அதுவே பெரிய மாற்றம்.

மூலத்தில் முதல் உலையைத் தகர்ப்பது அவலாஞ்ச் வைத்த குண்டு. அதில் அப்பாவிகள் இறக்கிறார்கள். கதை இதை மறப்பதில்லை. வெகு தூரம் சென்ற பிறகு, கோளைக் காக்கிறோம் என்று பெருமை பேசும் பேரட்டிடம், அந்த வெடிப்பில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொந்தக் குழுவுக்குள்ளிருந்தே ஒரு குரல் கேட்கிறது. அவனால் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. நாயகர்களின் கையில் இரத்தம் இருப்பதை ஒளிக்காத எழுத்து அது.

மறுஆக்கத்தில் அவர்களுடைய குண்டு சிறிதாகவே வெடிக்கிறது. ஷின்ராவின் மேலிடம் தன் சொந்த இயந்திரங்களை ஏவி உலையின் மையத்தைத் தகர்க்கிறது. பழியை எதிரி நாட்டின் மேலும் போராளிகளின் மேலும் போடுகிறது. ஜெஸ்ஸி தன் குண்டுதான் இத்தனை நாசம் செய்தது என்று எண்ணி உள்ளுக்குள் வேகிறாள். ஆடுபவருக்கு மட்டும் உண்மை தெரியும்: அவள் குற்றமற்றவள். ஏழாம் பிரிவின் மேல்தளம் சேரியின் மேல் விழும் காட்சியிலும் இதே மென்மை இருக்கிறது. மூலத்தில் அது ஒரே கணத்தில் எல்லாவற்றையும் நசுக்கியது. இங்கே வெட்ஜும் ஏரித்தும் மக்களை வெளியேற்றுகிறார்கள், வெட்ஜ் பிழைக்கிறான், முடிவில் பிக்ஸும் உயிரோடு கிடக்கிறான்.

இதற்கு ஆதரவான வாதமும் உண்டு. அதிகாரம் தானே தீ வைத்துவிட்டு எதிர்ப்பவர்மேல் பழிபோடுவது இன்றைய உலகுக்கு நெருக்கமான கதை. ஜெஸ்ஸியின் குற்றவுணர்வு மூலத்தில் இல்லாத ஆழம். ஆயினும் இழப்பு ஏதுமின்றிக் கிடைக்கும் குற்றவுணர்வு வேறு, குற்றமே வேறு. பேய்களை வென்றதால் எதிர்காலம் மட்டும் திறந்துகொண்டது. குண்டை மாற்றியதால் நடந்து முடிந்ததே இலேசாகிவிட்டது. மூலத்தின் வலிமை திரும்பப் பெற முடியாமையில் இருந்தது என்று கொண்டால், பேய்களைவிட இந்தக் குண்டுதான் அதை அதிகம் தொட்டது.

ரீபர்த்: ஒரே மரணம், இரண்டு காட்சிகள்

மறுஆக்கம் மூன்று பகுதிகளாக முடியும் என்பது 2022 ஜூனில், மூலத்தின் 25ஆம் ஆண்டு நிகழ்வில் உறுதிசெய்யப்பட்டது. இரண்டாம் பகுதியான ரீபர்த் 2024 பிப்ரவரி 29 அன்று பிளேஸ்டேஷன் 5க்கு வெளியானது. முதல் பகுதியின் துணை இயக்குநர்களில் ஒருவரான நவோகி ஹமகுச்சி இதை இயக்கினார். மிட்காரின் குறுகிய சந்துகளிலிருந்து விடுபட்டுப் பரந்த நிலங்களில் திரிய முடிந்ததும், சாக்கபோ என்னும் பறவையில் ஏறிச் சவாரி செய்ததும் பலரைக் குழந்தையாக்கின. எண்ணற்ற சிறுவிளையாட்டுகள் சிலருக்குத் திகட்டின.

எல்லாரும் காத்திருந்தது ஒரு காட்சிக்கு. செஃபிரோத் வாளோடு இறங்குகிறான். கிளவுட் அதைத் தட்டிவிடுகிறான். ஒரு நொடி ஏரித் பிழைத்துவிட்டாள் என்று தோன்றுகிறது. அடுத்த நொடி திரை சிதறுகிறது; இரத்தம் தெரிகிறது. தோழர்கள் அழுகிறார்கள். கிளவுடுக்கு மட்டும் அவள் உயிரோடு தெரிகிறாள். அவன் அவளோடு பேசுகிறான். மூலத்தில் அவன் அவளைக் கைகளில் ஏந்தி நீருக்குள் விடும் காட்சி இங்கே காட்டப்படவில்லை.

சிலர் இதை, இழப்பை ஏற்க மறுக்கும் மனத்தின் மிகத் துல்லியமான படம் என்று கண்டார்கள். அவள் செத்துவிட்டாள், அவன் பித்துப் பிடித்து நிற்கிறான். இறந்தவரின் குரலைத் துக்கத்தில் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. வேறு சிலர், அவள் இன்னோர் உலகில் உண்மையாகவே பிழைத்திருக்கிறாள் என்று ஒவ்வோர் அசைவையும் நிறுத்திப் பார்த்துச் சான்று சேர்த்தார்கள். 1997க்குப் பின் தேவாலயத்தில் மின்னி மறைந்த உருவத்தை வைத்து வழி தேடியவர்களின் வேலையே இது. இம்முறை விளையாட்டே அவர்களைத் தேடச் சொன்னது. மூன்றாம் சாரார் கோபித்தார்கள். அழ வேண்டிய இடத்தில் புதிர் போட வைத்துவிட்டார்கள், நீரில் விடும் காட்சி இல்லாமல் துக்கத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று என்பது அவர்கள் முறையீடு.

ரீபர்த்தின் கடைசிக் காட்சிகளில் தோழர்கள் விமானத்தில் ஏறிப் புறப்படுகிறார்கள். கிளவுட் வானத்தில் ஒரு பிளவைக் காண்கிறான். மற்றவர்களுக்கு அது தெரிவதில்லை. ஏரித் கீழே நின்று அவனுக்கு விடைகொடுக்கிறாள். அதையும் அவன் மட்டுமே பார்க்கிறான்.